காணாமல் போன குழந்தை கிடைத்த பிறகு: அரசுப் பணம் எந்தக் கதவு வழியாக வரும்?

கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் புதிதாகப் பெயர் சேர்ந்த வார்டு உறுப்பினரோ, பள்ளி ஆசிரியரோ, தொண்டு நிறுவனத்தில் முதல் மாதச் சம்பளம் வாங்கிய சமூகப் பணியாளரோ, யாராக இருந்தாலும் சில வாரங்களிலேயே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். “பையன் கிடைத்துவிட்டான், சரி. மறுபடி யாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க வீட்டில் நாலு காசு வேண்டுமே. அரசாங்கத்தில் ஏதாவது உண்டா?”

உண்டு. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு பணம், தொழிலாளர் துறையில் ஒரு பணம், ஆட்சியரிடம் ஒரு பணம், நீதிமன்றம் வழியாக ஒரு பணம். நாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்தான் சாவி. அந்தத் தாள் பெரும்பாலும் குழந்தை காணாமல் போன முதல் சில நாட்களிலும், கிடைத்த முதல் சில நாட்களிலும் எழுதப்படுகிறது. அப்போது தவறாக எழுதிவிட்டால் பிறகு எத்தனை மனு போட்டாலும் சரி செய்வது கடினம். எனவே இந்தக் கட்டுரையில் பணத்தைவிடத் தாளைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிடுவோம். ஒன்றிய அரசு 2009-10 காலத்தில் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று தொடங்கியதுதான் இப்போது ‘மிஷன் வாத்சல்யா’. புதிய நெறிமுறைகள் 2022 ஜூலையில் வந்தன. செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகைதான். ஆனால் நாடு முழுவதும் இல்லங்கள் நடத்துவதும், ஊழியர் சம்பளமும், 1098 உதவி எண்ணும் இதற்குள்தான். குழந்தையின் கணக்குக்கு நேராக வருவது இதில் ஒரு பங்கு மட்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. பழைய ஆட்கள் இன்னும் ‘சமூகப் பாதுகாப்புத் துறை’ என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

முதல் படி: சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும்

குழந்தையைக் காணோம் என்று காவல் நிலையத்துக்குப் போனால், “சொந்தக்காரங்க வீட்டில் பாருங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்பார்கள். இல்லையென்றால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது மனு பெற்றதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தப்பட்டிருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் சொல்லிவிட்டது. நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

நிலையத்தில் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், உதவி சார்பு ஆய்வாளருக்குக் (ஏ.எஸ்.ஐ.) குறையாத பதவியில். “அவர் யார், அவரைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பாதி நேரம் பேச்சின் தொனி மாறிவிடும். கூடவே 1098-க்கும் ஒரு அழைப்பு. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது. வாங்கியதும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், பின்னால் நிதி ஆதரவுக்கோ (குழந்தைக்கு மாதாமாதம் வரும் அரசு உதவி, மூன்றாம் படியில் சொல்கிறேன்) இழப்பீட்டுக்கோ போகும்போது ‘இந்தக் குழந்தை காணாமல் போனது’ என்பதற்கு இருக்கும் ஒரே நல்ல சாட்சி இதுதான்.

இரண்டாம் படி: வீட்டுக்கு முன் குழந்தை நலக் குழு

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். குழந்தை எழும்பூர் ரயில் நிலையத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ கிடைத்துவிடும். அழுத கண்ணோடு அம்மா போய்க் கட்டிப்பிடித்து, நேராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி முடிவெடுத்து ஆணை போடும் குழந்தை நலக் குழுவின் முன் நிறுத்தப்படவில்லை என்றால் ஆணை கிடையாது. ஆணை இல்லாவிட்டால் அரசுக் கணக்கில் அப்படி ஒரு குழந்தையே கிடையாது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும். கூடாத நாளில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலும் செல்லும். போலீஸ்தான் கொண்டுபோக வேண்டும் என்றும் இல்லை. சமூகப் பணியாளர் கூட்டிப் போகலாம், குழந்தையே வரலாம். ஏற்கெனவே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டீர்களா? பரவாயில்லை, மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெளிமாநிலத்தில் மீட்கப்பட்ட குழந்தை என்றால், அங்குள்ள குழு ஆணை போட்டு நம் மாவட்டக் குழுவுக்கு அனுப்பி வைக்கும். பெண் குழந்தை என்றால் பெண் காவலர் கூட வர வேண்டும். வழிச்செலவு அரசுடையது. “டிக்கெட் பணம் அனுப்புங்க” என்று யாராவது பெற்றோருக்குப் போன் செய்தால் உடனே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பையன்களை வடக்கே முறுக்கு கம்பெனிகளுக்குக் கூட்டிப் போவது பல வருடமாக நடக்கிற விஷயம். அப்படிப் போய் மீட்கப்பட்டு வந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனோடு குழுவின் முன் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முன்னங்கையிலும் எண்ணெய் தெறித்த தழும்பு, மிளகு தூவியது போல. “ஏன்ப்பா வீட்டை விட்டுப் போனே?” என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, “வீட்ல சண்டை” என்றான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணையில் ‘பெற்றோருடன் கோபித்துக்கொண்டு வெளியேறிய சிறுவன்’ என்று ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பேருந்தில் உட்கார்ந்துதான் முழுதாகப் படித்தேன்.

உண்மை என்னவென்றால், ஏஜென்ட்டிடம் அப்பா பதினைந்தாயிரம் முன்பணம் வாங்கியிருந்தார். அதைச் சொன்னால் தன்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயம். முன்பணம் என்ற ஒரு சொல் அந்த ஆணையில் இல்லாததால், கொத்தடிமை மறுவாழ்வுப் பணத்துக்கான வழி அங்கேயே அடைந்துபோனது. எட்டு மாதம் அலைந்தோம். நிதி ஆதரவு கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை.

ஆகவே குழுவுக்குப் போவதற்கு முந்தைய நாளே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். யார் கூட்டிப் போனது, எவ்வளவு முன்பணம், சம்பளம் கொடுத்தார்களா, வெளியே விட்டார்களா, அடித்தார்களா. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ன்படி அந்தக் கடன் ரத்து, திருப்பித் தர வேண்டியதில்லை என்பதை அப்பாவுக்கு இரண்டு முறை சொல்லுங்கள். குழுவில் ஆணையை வாங்கியதும் அந்த இடத்திலேயே படியுங்கள். விட்டுப்போனதை எழுதிச் சேர்க்கச் சொல்வதற்கு அதுதான் நேரம். குழு உத்தரவிடும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். விசாரிக்க வீட்டுக்கு வருபவரிடமும் இதையே மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எது உங்கள் குழந்தைக்குப் பொருந்தும்?

நிதி ஆதரவுத் திட்டம்தான் அதிகம் பேருக்குப் பொருந்துவது. மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், பதினெட்டு வயது வரை. முன்பு 2,000 ஆக இருந்தது. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. காணாமல் போன, வீட்டை விட்டு ஓடிய குழந்தை, குழந்தைத் தொழிலாளர், கடத்தப்பட்ட குழந்தை, பிச்சை எடுக்க வைக்கப்பட்ட குழந்தை, துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தை எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். முடிவு செய்வது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழு.

இதில் காலை வாரிவிடுவது வருமானச் சான்று. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதாவது கிராமத்தில் மாதம் ஆறாயிரம். கூலி வேலைக்குப் போகும் குடும்பம்தான், ஆனால் இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைத் தட்டுகிறவர் பழக்க தோஷத்தில் 84,000 என்று போட்டுவிடுவார். வி.ஏ.ஓ.வும் அப்படியே பரிந்துரைப்பார். சான்றிதழ் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. விண்ணப்பம் போடும்போதே திரையைப் பாருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 தரும் தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ 2025 செப்டம்பரில் தொடங்கியது. அது தனித் திட்டம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே மனுவில் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது குழந்தைத் தொழிலாளர் பணம். இதன் வேர் நம் சிவகாசியில். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதலாளியிடம் வசூலாகும் அபராதம் அந்தப் பகுதியின் மறுவாழ்வு நிதிக்குப் போகிறது, அரசும் அந்தக் குழந்தைக்காக 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பணம் வங்கியில் இருக்கும், வட்டியோடு குழந்தைக்கு வந்து சேரும். பதினான்கு வயதுக்குக் கீழ் என்றால் எந்தத் தொழிலும், பதினான்கிலிருந்து பதினெட்டு என்றால் ஆபத்தான தொழில்களும் இதில் வரும். தொழிலாளர் துறை வழக்குப் போட்டால்தான் அபராதம், அபராதம் வந்தால்தான் நிதி. எனவே மீட்பு நடந்த அன்றே தொழிலாளர் உதவி ஆய்வாளர் சம்பவ இடத்தில் இருந்தாரா என்று பாருங்கள். குழந்தைத் தொழிலாளருக்கான பழைய சிறப்புப் பள்ளிகளில் மாதம் 400 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததைச் சொல்லி, அதற்கு எழுதிப் போடச் சொல்வார்கள். அந்தத் திட்டம் 2021-ல் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

மூன்றாவது கொத்தடிமை மறுவாழ்வு. செங்கல் சூளை, அரிசி ஆலை, ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட பையன்கள், முறுக்கு கம்பெனி எல்லாம் இதில் வரலாம். இங்கே சாவி விடுதலைச் சான்றிதழ். கொடுப்பவர் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சார் ஆட்சியர். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. இதற்கு வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முழு மறுவாழ்வுத் தொகை, கட்டாய வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கு 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். அந்தப் பெரிய தொகை வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படுவதைப் பொறுத்தது. வேறு ஊரில் மீட்கப்பட்ட குழந்தை என்றால் சான்றிதழ் அங்கேயே வாங்கப்பட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு, “எங்க எல்லையில் நடக்கவில்லையே” என்று இங்கே சொல்லிவிடுவார்கள். நாங்கள் எட்டு மாதம் கேட்ட வசனம் இதுதான்.

நான்காவது போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கில் வரும் பணம். இதில் மூன்று அடுக்கு உண்டு, பலருக்கு மூன்றாவது மட்டும்தான் தெரியும். முதல் அடுக்கு உடனடி உதவி. சாப்பாடு, துணி, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழிச்செலவு போன்றவற்றுக்குக் குழந்தை நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2020 போக்சோ விதிகளில் இருக்கிறது. குழுவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், தானாக வராது. இரண்டாவது இடைக்கால இழப்பீடு. எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் கொடுக்கலாம். மூன்றாவது இறுதி இழப்பீடு. குற்றவாளி கிடைக்கவில்லை, அல்லது விடுதலை ஆகிவிட்டார் என்றாலும், குழந்தைக்குப் பாதிப்பு உண்டு என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு தரலாம். நீதிமன்ற ஆணை கிடைத்த 30 நாளில் அரசு கொடுக்க வேண்டும்.

தொகைக்கு, தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின், பெண்களுக்கான 2018 இழப்பீட்டுத் திட்டத்தைப் போக்சோ நீதிமன்றங்களும் வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் உச்ச வரம்பு அதற்கும் பாதி அளவு கூடுதல். மொத்தமும் கையில் வராது. சிறாருக்கு 80 விழுக்காடு நிரந்தர வைப்பில் போய்விடும். “பத்து பர்சென்ட் கொடுங்க, சீக்கிரம் வாங்கித் தர்றேன்” என்று நீதிமன்ற வாசலில் யாராவது வருவார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதே வளாகத்தில்தான் இருக்கும், வக்கீல் இலவசம். போகத் தெரியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, பணத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் காணோம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் நாமே அனுப்பிய படம் இருக்கிறதே, குழந்தை கிடைத்த அன்றே “கிடைத்துவிட்டது, படத்தை அழித்துவிடுங்கள்” என்று அதே குழுக்களில் போடுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவது குற்றம். போக்சோ வழக்காக மாறிய பிறகும் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தால், பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தை எப்படித் தலை நிமிர்ந்து உட்காரும்?

நான்காம் படி: பாஸ்புக்

ஒப்புதல் வந்தும் பணம் வராமல் நிற்கும் குடும்பங்களில் நான் பார்த்த வரை பாதிக்கு மேல் வங்கிக் கணக்குச் சிக்கல்தான். நிதி ஆதரவுக்குக் குழந்தையும் தாயோ பாதுகாவலரோ சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ‘எம்’, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே பையன், கணினிக்கு மூன்று பேர். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரைக் கணக்கோடு ‘லிங்க்’ செய்திருந்தால் மட்டும் போதாது, மானியம் வரும் கணக்காக இணைந்திருக்கிறதா என்றும் வங்கியில் கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் தொடாமல் கிடந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்றால், ஐம்பது ரூபாய் போட்டு எடுத்து உயிரூட்டிவிட்டு அப்புறம் எண்ணைக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: காத்திருப்பு

மாதாமாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சில மாதத்துப் பணம் சேர்ந்து ஒன்றாக வருவதும் உண்டு. அதை நம்பிக் கந்துவட்டிக் கடன் வாங்கிவிட்டால், முன்பணம் கொடுக்க ஏஜென்ட் மறுபடி வாசலில் வந்து நிற்பார். மூன்று மாதம் அசைவே இல்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு. மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

பணம் ஓட ஆரம்பித்த பிறகு கவனிக்க வேண்டியது பள்ளி வருகை. திட்டமே குழந்தை வீட்டிலிருந்து படிப்பதற்காகத்தான். காரணம் இல்லாமல் பள்ளியை நிறுத்தினாலோ, குழந்தையை விடுதியில் சேர்த்தாலோ நிதி ஆதரவு நிற்கலாம். விடுதி நல்லது என்று தோன்றினால், சேர்ப்பதற்கு முன் அலகில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பதினெட்டு முடிகிற மாதத்தில் நிதி ஆதரவு நின்றுவிடும். இல்லத்தில் வளர்ந்து வெளியே போகும் பிள்ளைகளுக்கு மட்டும் 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம். வீட்டில் வளர்ந்த பிள்ளை என்றால் பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வங்கிக்கு அழைத்துப் போய், கணக்கைச் சிறாரிலிருந்து பெரியவர் கணக்காக மாற்றக் கையெழுத்து, புகைப்படம், புதிய ஆதார் கொடுத்துவிட வேண்டும். வைப்புத்தொகை ரசீது இருந்தால் அதன் முதிர்வுத் தேதியை அம்மாவிடம் அல்ல, அந்தப் பிள்ளையிடமே எழுதிக் கொடுங்கள்.